குச்சியின் மிச்சப் பாதி

என் தங்கையின் கணவரை நான் மாப்ளே என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். இப்போது இரண்டு பேருமே அப்படிக் கூப்பிட முடியாது. உறவு முறிந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் என் வீட்டுப் பரணில் இருந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல், மாடியில், அந்த ஆட்டக்கூடம். போர்டில் ஸ்னூக்கர் என்று போட்டிருந்தாலும் உள்ளே கிடந்தது ஆறு குழியும் பதினைந்து பந்துமாக ஆடுகிற சின்ன மேஜை. அந்த ஆட்டத்தின் சரியான ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் கெட்ட வார்த்தையாகக் கேட்கும், வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது என்பதால் நாங்களும் ஸ்னூக்கர் என்றே சொல்லிக்கொண்டோம். வீட்டில் அதையும் சொல்லவில்லை. அந்த மாதிரி இடத்துக்குப் போகிறவன் உருப்பட மாட்டான் என்பது அம்மாவின் கட்சி. முப்பத்தெட்டு வயதில், ரத்தப் பரிசோதனை லேபில் பொறுப்பான வேலையில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் டூட்டி என்று பொய் சொல்லிவிட்டு அந்த மாடிப்படி ஏறுவேன். மாப்ளைக்கு சிவகிரியில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. சரக்கு எடுக்கப் போவதாகத் தங்கையிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.

அவரை முதலில் கூட்டிப்போனது நான்தான். "வீட்டுக்குத் தெரிய வேண்டாம் மாப்ளே" என்றதும் நான்தான்.

"நான் ஏன் சொல்லப்போறேன் மச்சான்" என்றார்.

அங்கே சுவரில் சாத்தியிருக்கும், பந்தைத் தட்டுகிற குச்சிகளில் நேரானது ஒன்றுகூடக் கிடையாது. நுனியில் ஒட்டியிருக்கும் தோல் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். தட்டினால் வெள்ளைப் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். எங்களுக்கு ஆடத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மனசில்லாமல் பழியைக் குச்சி மேல் போட்டோம். சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவானது.

ராஜபாளையத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை. கடைக்கார அண்ணாச்சி நியாயமானவர். "புதுசா ஆடுதவங்களுக்கு ஒரே கம்பா இருக்கது போதும். விலையும் கம்மி. ரெண்டாக் கழட்டுதது இந்த விலைக்கு நல்லதா அமையாது" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் நாலே முக்கால் அடிக் கம்பைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்குள் நுழைவது? கழற்றி மாட்டுகிற குச்சிதான் வேண்டும் என்று நின்றோம். ஆட்டத்துக்காக இல்லை, ஒளிப்பதற்காக.

பாம்புப் படம் போட்ட ஒன்றில் என் கண் விழுந்தது. "படத்துக்குத்தான் காசு மச்சான். மரையைப் பாரும், ஆடுது" என்று என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். நாள் முழுக்க போல்ட்டும் நட்டும் பார்க்கிற கை அவருடையது. ஐந்தாறு குச்சிகளைக் கழற்றி மாட்டினார். மாட்டியபின் இணைப்பில் விரலால் சுண்டி, காதருகே பிடித்துக் கேட்டார். கண்ணாடி ஷோகேஸ் மேல் உருட்டினார். உருளும்போது துள்ளினால் கம்பு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியில் எந்தப் படமும் இல்லாத, பிடி மட்டும் கருப்பாக இருந்த ஒன்று துள்ளாமல் உருண்டது. என்னிடம் கொடுத்தார். கனமும் இல்லை, லேசும் இல்லை. ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவரே பங்கு பிரித்தார். "நுனிப் பாதி என்கிட்ட இருக்கட்டும், பிடிப் பாதியை நீரு வச்சுக்கிடும். ஒருத்தர் இல்லாம ஒருத்தர் ஆட முடியாதுல்லா." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இரண்டு வருடம் போல ஆடினோம். பந்தயம் எதுவும் இல்லை, தோற்றவர் டீ வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டத்தில் இரண்டு பேருமே பெரிதாகத் தேறவில்லை. ஆனால் வேறு எங்கும் வாய் திறக்காத மனிதர் அந்த மேஜைப் பக்கத்தில் பேசுவார். வீட்டில் அவர் குறை அதுதான், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டார். என் தங்கையோ பதில் வராமல் தூங்க மாட்டாள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. "அவகிட்ட நாலு வார்த்தை பேசும்வே" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். தலையை ஆட்டுவார்.

ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் கூட்டும்போது நுனிப் பாதி அவள் கையில் கிடைத்துவிட்டது. இது என்ன என்று கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்றிருக்கிறார். மூன்று நாள் கேட்டுப் பார்த்துவிட்டு நாலாம் நாள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டு ஹாலில் கூடினார்கள். அவரும் வந்திருந்தார். அவள் பெட்டியைத் திறந்து அந்தப் பாதியை எடுத்து எல்லோர் நடுவிலும் வைத்தாள்.

"இது பாதிதான். மிச்சப் பாதி மாட்டுததுக்கு மரை போட்டிருக்கு. அதை யாரு வீட்டுல வச்சிருக்காரு? ஞாயித்துக்கிழமை ஆனா பொய் சொல்லிட்டு யாரைப் பாக்கப் போறாரு? கேட்டுச் சொல்லுங்க."

மிச்சப் பாதி அவள் தலைக்கு மேல், பரணில், பழைய திரைக் கம்பிகளோடு கிடந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கோபம் இல்லை, சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அம்மா உட்கார்ந்திருந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். லேபில் மரியாதையான வேலை, ஊரில் மரியாதையான பெயர். நான் தரையைப் பார்த்தேன். "அண்ணன்காரன் நீ என்னப்பா சொல்லுத?" என்று யாரோ கேட்டார். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "ஒளிச்சு வைக்கிற ஆளுக்குப் பிள்ளையைக் குடுத்தது எங்க தப்பு" என்றேன். அதைச் சொன்ன நாக்கை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"சரி மச்சான்" என்றார். குனிந்து அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்னை மச்சான் என்று அவர் கூப்பிட்டது அதுதான் கடைசி.

அதன் பிறகு எல்லாம் காகிதத்தில் நடந்தது. விவாகரத்துக் கையெழுத்தெல்லாம் ஆனபின், வழக்கப்படி, சீர் சாமான்கள் ஒரு வேனில் திரும்பி வந்தன. கல்யாணத்தில் எழுதிய லிஸ்டை அம்மா கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு. எதுவும் குறையவில்லை. அவர் வரவில்லை, டிரைவர் மட்டும்தான். கடைசியாகப் பத்தமடைப் பாயை விரித்தபோது உள்ளேயிருந்து நுனிப் பாதி உருண்டு விழுந்தது.

"ஏலே, இது லிஸ்ட்டுல இல்லையே" என்றாள் அம்மா.

"தூரப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை உள்ளே போய்விட்டாள்.

நான் எடுத்துக்கொண்டேன். நுனியில் புதுத் தோல் ஒட்டி, அழகாகத் தேய்த்து உருட்டியிருந்தார். இனி நீராவது ஆடும் என்கிறாரா, உம்முடைய ரகசியத்தை நீரே வைத்துக்கொள்ளும் என்கிறாரா, தெரியவில்லை. போன் செய்து கேட்கத் தைரியம் இல்லை. பரணிலிருந்து பிடிப் பாதியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். மரை எங்கும் தட்டாமல் ஏறியது. தரையில் உருட்டினேன். துள்ளவில்லை. அன்றைக்குக் கடையில் எப்படி உருண்டதோ அப்படியே உருண்டது. சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

துணி காயப்போட வாளியோடு வந்த தங்கை படியில் நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக வந்து முழுக் குச்சியையும் கையில் எடுத்தாள். இணைப்பை விரலால் தடவிப் பார்த்தாள். கழற்றினாள். திரும்பவும் மாட்டினாள்.

"நீயாண்ணே?"

"ஆமா."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. குச்சியை என் மடியில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கினாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் அவரு கூடவே போயிருப்பேன்" என்றாள்.