கூழைக் காகிதத்தில் சேர்த்தவர்

ரோஸ்லின் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். கெடாரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். பெட்டி செய்யும் அட்டைச் சுருள் சில மாதம் உள்ளூர் மில்லிலிருந்து வரும். சில மாதம் இந்தோனேசியாவிலிருந்து வரும். ஏன் என்று மேனேஜரைக் கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார்.

அந்தப் பதில் பொறுக்காமல், முப்பத்தாறு வயதில் விழுப்புரத்தில் மாலைக் கல்லூரியில் எம்.காம். சேர்ந்தாள். இந்தியா, இந்தோனேசியா இரண்டு நாடுகளின் காகித, அட்டை ஏற்றுமதியை இருபது ஆண்டுகளுக்கு ஒப்பிடுவதுதான் அவளுடைய ஆய்வு. பஸ்ஸில் உட்கார்ந்தே பாதி அட்டவணைகளைச் செல்போனில் போட்டாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஆனந்தராஜ் ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

படிப்பு முடிந்த மறு வருஷம், பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே கல்லூரியில் நடக்கும் ஒரு கருத்தரங்க அழைப்பிதழ் வந்தது. அவளுடைய தலைப்பு, வார்த்தை மாறாமல். கீழே ஆனந்தராஜ் பெயர் மட்டும். கருத்தரங்க நாளில் ரோஸ்லின் லீவு போட்டுவிட்டுப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் அவளுடைய வரைபடம். இந்தோனேசியாவின் கோடு ஓர் ஆண்டில் மட்டும் கூரை வரை ஏறி, அடுத்த ஆண்டே விழுந்தது. "அந்நாட்டு அரசின் துணிச்சலான கொள்கை முடிவு இது," என்று ஆனந்தராஜ் பத்து நிமிஷம் விளக்கினார்.

அவள் எழுந்தாள். "சார், அது கொள்கை இல்ல. நான் பண்ண தப்பு."

"யாரும்மா நீ? உட்காரு, அப்புறம் பேசலாம்."

"நான் ரோஸ்லின். உங்க ஸ்டூடண்ட். அந்த வருஷம் மட்டும் காகிதக் கூழையும் சேத்து ஏத்திட்டேன் சார். கூழு வேற, காகிதம் வேற. கடைசிப் பிரதில திருத்தி, அடிக்குறிப்பும் போட்டேன். நீங்க என் முதல் பிரதிய எடுத்துக்கினு வந்து, என் தப்புக்கு விளக்கம் சொல்லிக்கினு இருக்கீங்க!"

அரங்கில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தராஜ் முகம் கறுத்தது. "வழிகாட்டினவன் நான்தானே? உன் பேரையும் ரெண்டாவதா சேத்துடறேன், விடு."

"ரெண்டாவதா?" அவள் திரையைக் கைநீட்டிக் காட்டினாள். "ஒரு பக்கமாவது படிச்சிருந்தா இந்தக் கூழு உங்க கண்ணுல பட்டிருக்குமே சார்!"

தலைமை வகித்த அம்மையார் நூலகத்திலிருந்து ஆய்வேட்டை எடுத்துவரச் சொன்னார். அடிக்குறிப்பு இருந்தது. முதல் பிரதியை ஆனந்தராஜுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ரோஸ்லினின் செல்போனில் இருந்தது. அதே ஆய்வை அவருடைய கட்டுரையாக ஏற்கெனவே வெளியிட்டிருந்த ஆய்விதழ் இரண்டு மாதத்தில் அதை நீக்கியது.

ஆனால் ஆனந்தராஜுக்கு ஒரு மெமோவோடு சரி. அதே துறையில், அதே நாற்காலியில் இருக்கிறார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. "வாத்தியார இப்படியா சபையில நிக்க வெக்கறது?" என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. "அவரு என்னைப் பேரில்லாம நிக்க வெச்சாரே, அப்போ எங்க போனீங்க?" என்று திருப்பிக் கேட்டாள்.

திருத்திய கட்டுரையை ரோஸ்லின் தன் பெயரில் மட்டும் வேறோர் இதழுக்கு அனுப்பினாள். போன மாதம் அச்சில் வந்தது. முதல் பக்கத்தை நகலெடுத்து, ஆனந்தராஜ் பெயர் எழுதி, வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று ஒட்டாத உறையில் வைத்து, கல்லூரித் துறை அலுவலகத்தில் அவளே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோபம் இன்னும் தணியவில்லை.