ஐந்தாவது நிலா

குளியலறைக் குழாயின் விரிசலை அடைக்க வந்தவர் பசை டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய காரநெடி, என்னைப் பிள்ளைப்பாக்கத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்துக்கு, அப்போது அங்கே இருந்த எங்கள் மோட்டார் ரூமின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனது. பகலெல்லாம் குடித்த வெயிலை விளக்கு வைத்த பிறகும் விடாமல் உள்ளங்காலில் சுடும் அந்தத் தளத்தில், கீழே தொட்டியில் தண்ணீர் கொட்டும் இரைச்சலுக்கு நடுவே, என் வகுப்புத் தோழி மெர்சி, அவள் அப்பா குழாய்த் துண்டுகளை இதே மாதிரிப் பசையால் ஒட்டிச் செய்துகொடுத்த தொலைநோக்கியைச் செங்கல் அடுக்கில் சாய்த்து வியாழனைத் தேடுவாள். மாடி எங்களுடையது. ஆனாலும் முதலில் பார்ப்பது எப்போதும் அவள்தான்; எனக்கு வயிறு எரியும்.

"நாலு நிலா வரிசையா கீதுடி, தெரியுதா?" என்பாள்.

நடுங்கும் ஒரு வெளிச்சத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எனக்கு அஞ்சு தெரியுது" என்றேன்.

அதற்கப்புறம் தினமும் கண்ணைக் கசக்கிக் கசக்கி அந்த ஐந்தாவதைத் தேடினாள். கிடைக்காமல், நோட்டில் தான் பார்த்த நான்கு புள்ளிகளுக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைத்து, அதன் கீழே என் பெயரை எழுதினாள்.

"உனக்குத்தான்டி கண்ணு நல்லா கீது," என்றாள். அந்தக் குரலில் துளி பொறாமை இல்லை.

தொலைநோக்கியின் மேல் இருந்த வயிற்றெரிச்சல் எப்போதோ போய்விட்டது. அந்தக் குரலின் மேல் உள்ளதுதான் இன்னும் போகவில்லை.