பூட்டினவர் வீடு

1. முதல் நாள்

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் நான் டைப் அடிக்காத பெயர் கம்மி. அதை விட்ட பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இன்னொரு வேலைக்கு ஒப்புக்கொண்டேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று அதைப் பற்றி எழுதுகிறேன். வேலை முடிந்த பிறகும் அது என்ன வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் உண்டு. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

சென்னையில் இருந்து வந்த ஒரு சின்ன அமைப்பு. ஊர்க்காரர்கள் போனில் செய்தியும் படமும் போட்டுப் பேசிக்கொள்கிற ஒரு தளத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது அவர்கள் வேலை. அதன் மேலாளர் பிரவீன் சார். என் மகன் வயதுதான், ஆனாலும் சம்பளம் தருகிறவர் சார்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் உட்கார்த்தி வைத்து விளக்கினார்.

"இப்ப நீங்க யூஸ் பண்றதெல்லாம் ஒரே கம்பெனியோடது மேடம். அவங்க நெனச்சா உங்கள வெளிய தள்ளிடலாம். நம்மளோடது அப்படி இல்ல. ஊருக்கு ஊர் ஒரு சர்வர், அந்த ஊர்ல போடறதெல்லாம் அதுலதான் இருக்கும். அவங்கவங்க சர்வரை அவங்கவங்க பாத்துப்பாங்க. எல்லா சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசும். யாருக்கும் யாரும் முதலாளி இல்ல."

"கெட்டுப்போனா யார்கிட்ட சார் சொல்றது?"

"அந்தந்த சர்வர் அட்மின்கிட்ட."

"அட்மினே கெட்டுப்போனா?"

அவர் சிரித்தார். நான் தமாஷுக்குக் கேட்கவில்லை.

மாதா மாதம் ஒரு அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும்: அதிகமான பயனர்களை ஈர்க்க இந்தத் தளத்துக்கு என்ன தேவை? முதல் மாதம் 'தெரியவில்லை' என்று எழுதினேன். ஏதாவது எழுதுங்க மேடம் என்றார். அடுத்த மாதம் 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதினேன்.

2. மேல் மடை, கீழ் மடை

நைனார்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போதும் எனக்கு அங்கே போக்குவரத்து இருக்கிறது. ஏரியில் இரண்டு மடை. மேல் மடைப் பாசனக்காரர்கள் ஒரு கட்சி, கீழ் மடைக்காரர்கள் ஒரு கட்சி. கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருவார்கள், தண்ணீர் முறை என்று வந்துவிட்டால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கூட்டம் போட்டு, பிரவீன் சார் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன்.

"இது யாருதும்மா?" என்று முன்வரிசையில் இருந்தவர் கேட்டார்.

"யாருதும் இல்லீங்க."

"யாருதும் இல்லன்னா பொறம்போக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். உங்க ஊருக்கே உங்களுடையது, நீங்களே அட்மின் என்று சமாளித்தேன். உடனே மேல் மடைப் பக்கம் படித்த மருமகள் ஒருத்தி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தாள். அவ்வளவுதான், கீழ் மடைக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"அவங்க சர்வர்ல போயி நாங்க இன்னாத்துக்குக் குந்தணும்? எங்களுக்குத் தனியா போட்டுக் குடுங்க."

பிரவீன் சாரிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவருக்கோ கொண்டாட்டம். "இதுதான் மேடம் கான்செப்டே" என்றார். அந்த வாரமே இரண்டு சர்வர் ஆனது. மேல் மடைக்கு அந்த மருமகள் அட்மின், கீழ் மடைக்கு உரக்கடை கோவிந்தராசு அட்மின். கோவிந்தராசுவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் ஒழுங்காகச் செய்கிற மனிதர். எந்தப் பட்டன் எதற்கு என்று அரை நாள் என்னைக் கேட்டே கொன்றார்.

அதன்பிறகு நடந்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேல் மடையில் ஆள் சேரச் சேர, விடக்கூடாது என்று கீழ் மடையிலும் சேர்ந்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன சொந்தக்காரர்களைப் போன் போட்டு இழுத்தார்கள். கீழ் மடையில்தான் ஆள் ஜாஸ்தி. யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்ற முறையை அவரவர் சர்வரில் மட்டும்தான் போடுவோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டதால், போன் தொடாத கிழவர்கள் கூடப் பேரனிடம் கேட்டுப் பார்த்தார்கள். சென்னையில் என்னைப் பாராட்டினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

3. அஞ்சலை

அஞ்சலை கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு சிற்றூர்க்காரி. அவளும் அவள் மகளிர் குழுப் பெண்களும் சாமையும் தேனும் விற்கிறார்கள். பெரிய கம்பெனித் தளம் ஒன்றில் அவள் வீடியோ போட்டு ஏகப்பட்ட வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்திருந்தாள். வீட்டில் சிக்னல் கிடைக்காது. பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறி நின்றுதான் எல்லாம் போடுவாள். ஒரு நாள் புகை போட்டுத் தேன் எடுக்கிற வீடியோ போட்டாள். மறுநாள் அக்கவுண்டைப் பூட்டிவிட்டார்கள்.

இ-சேவையில் அவளுக்கு நான் பழக்கம் என்பதால் கச்சிராயபாளையம் வரை இறங்கி வந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன் பூட்டுனீங்கன்னு கேட்டு எழுதிப் போட்டேன்க்கா. நன்றின்னு பதில் வந்துச்சு. மறுபடி போட்டேன். மறுபடியும் நன்றி. எதுக்கு நன்றி சொல்லிக்கினு இருக்காங்கன்னே புரியல."

அழுகிற ஆள் இல்லை அவள். ஆனால் குரல் சரியாக இல்லை. அவள் பேச்சை நம்பித்தான் குழுப் பெண்கள் எல்லோரும் தங்கள் சாமையை விற்காமல் வைத்திருந்தார்கள். வியாபாரியிடம் போட வேண்டாம், நான் விற்றுத் தருகிறேன் என்று சொன்னவள் அவள்தான்.

எனக்கு உற்சாகம் பிறந்தது. பிரவீன் சார் சொன்ன கதை கண் முன்னால் வந்து நிற்கிறது அல்லவா. "நம்ம இடத்துல யாரும் உன்னைப் பூட்ட முடியாது" என்று அடித்துச் சொன்னேன். எந்த சர்வரில் சேர்ப்பது என்று சாரைக் கேட்டேன். எதில் சேர்த்தாலும் ஒன்றுதான் என்றார். மேல் மடை மருமகள் போனை எடுத்தாள், கோவிந்தராசு எடுக்கவில்லை. மேல் மடையில் சேர்த்தேன்.

வியாபாரம் நடந்தது. முதலில் மேல் மடைக்காரர்கள் வேண்டிய மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு கீழ் மடையின் திருப்பூர், சென்னை ஆட்கள் மொத்த மொத்தமாகக் கேட்டார்கள். அஞ்சலை தைரியமாகி, இருந்த சாமை அத்தனையையும் மில்லில் கொடுத்து அரிசியாக்கி மூட்டை கட்டிவிட்டாள். உமியோடு இருக்கிற வரை சாமை எத்தனை நாளானாலும் கிடக்கும். அரிசியாகிவிட்டால் தாங்காது, வண்டு விழுந்துவிடும்.

அப்புறம் திடீரென்று ஆர்டர் நின்றது.

4. அதன் சிறப்பு

அஞ்சலை பாறை மேலிருந்து போன் செய்தாள்.

"யாருமே பதில் போட மாட்றாங்கக்கா. என் சாமையில கல்லு கில்லு இருந்துச்சா? யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

"கேட்டுச் சொல்றேன், இரு."

"சந்தைக்கு வியாபாரி வண்டி வருது. அதுக்குள்ள ஆர்டர் வரலன்னா மூட்டைய அவன்கிட்ட போட்டுடலாம்னு சொல்றாங்க. அவன் பாதி வெலைதான் சொல்றான். என் மொகத்தையே பாக்க மாட்றாங்கக்கா."

என் போனில் திறந்து பார்த்தால் அவள் போட்டதெல்லாம் இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை. பிரவீன் சாரைக் கூப்பிட்டேன். அவர் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"மேடம், கீழ் மடை சர்வர் மேல் மடை சர்வரையே மொத்தமா பிளாக் பண்ணிருக்கு. இங்க போடறது எதுவும் அங்க தெரியாது."

"நீங்க எடுத்து விடுங்க சார்."

"என்னால முடியாது மேடம். அட்மின் மட்டும்தான் முடியும். அதான் இதோட சிறப்பே."

அந்தச் சிறப்பைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். யாரும் பூட்ட முடியாது என்று அந்தப் பெண்ணிடம் அடித்துச் சொன்னது நான்தானே.

கோவிந்தராசுவைப் பிடித்தேன். அவர் மறைக்கவே இல்லை. முறை இல்லாத நாளில் மேல் மடையில் மடையை அடைக்கிற பலகையைத் தூக்கித் தண்ணீர் விட்டுக்கொண்டார்களாம். கோயிலில் கூட்டம் போட்டு, தீர்ப்பு ஆகிற வரை மேல் மடையோடு பேச்சுவார்த்தை கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

"ஊர்ல பேசக்கூடாதுன்னு முடிவாச்சு. போன்ல மட்டும் பேசிக்கினு இருக்கலாமாங்க மேடம்? அதுக்குன்னே ஒரு பட்டன் இருக்குது, நீங்கதான காட்டுனீங்க. அமுக்கிட்டேன்."

அவர் கணக்கில் பிழையே இல்லை.

5. உரக்கடை பெஞ்சு

அஞ்சலைக்கு விவரம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தாளு வூடு எங்கக்கா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மடியில் ஒரு பை சாமையோடு இறங்கினாள். நானும் உடன் போனேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை, தனியாக அனுப்பவும் மனமில்லை. கோவிந்தராசு யூரியா மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அஞ்சலை கடை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நான்தாங்க அஞ்சலை. சாமைக்காரி."

"அடடே, நீயாம்மா? எங்க வூட்லயும் வாங்கனோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் இப்ப போடறதில்ல?"

"போட்டுக்கினுதாங்க இருக்கேன். நீங்கதான் மூடிட்டீங்க."

அவருக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. மேல் மடையை மூடினால் மலைக்காரியும் அதோடு போவாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான் நினைத்ததில்லை. அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் உடனே திறக்கவும் இல்லை.

"கூட்டத்து முடிவும்மா. நானா தெறக்க முடியாது. கேக்கணும்."

"கேளுங்க. நான் குந்தியிருக்கேன்."

உட்கார்ந்தே விட்டாள். அவர் மனைவி சாப்பாடு கொடுத்தார். உரம் வாங்க வந்தவர்கள் எல்லாம் யார் என்று கேட்க, அவர் ஒவ்வொருவருக்கும் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் கதை அவருக்கே கொஞ்சம் கசந்துகொண்டு வந்ததைப் பார்த்தேன். வெயில் தாழ்ந்ததும் கீழ் மடைப் பெரியவர்கள் கடைக்கே வந்தார்கள்.

"நீ மேல் மடையாம்மா?" என்று ஒருவர் அதட்டலாகக் கேட்டார்.

"எனக்கு மடையே இல்லீங்க. மலையில மழதான்."

இவளுக்கு மட்டும் திறந்து விடு என்றார் இன்னொருவர். கோவிந்தராசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார், பிறகு போனை என்னிடம் கொடுத்தார், நான் பிரவீன் சாரிடம் கேட்டேன். ஒருத்தருக்கு மட்டும் திறக்க வழி இல்லையாம். திறந்தால் மொத்தமும்தான் திறக்கும். இன்னொரு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம் மேடம் என்று அவர் ஆரம்பித்தார். மறுபடி முதலில் இருந்து ஆள் பிடிக்கச் சந்தைக்குள் அவளுக்கு நாள் இல்லை என்று நான் போனை வைத்துவிட்டேன்.

மறுபடி வாக்குவாதம். இவளுக்காக மேல் மடைக்காரனுக்கும் சேர்த்துத் திறப்பதா என்று ஒரு பேச்சு, ஊர்ச் சண்டைக்கு மலைக்காரி என்ன பண்ணுவாள் என்று ஒரு பேச்சு. நடுவில் ஒருவர் அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த கம்பெனிக்காரன் பூட்டுனப்ப சும்மா இருந்துட்டு, இங்க வந்து ஏம்மா குந்திக்கினு இருக்க?"

"அவங்க வூடு எங்க இருக்குதுன்னு தெரியலீங்க. தெரிஞ்சா அங்கயும் போயி குந்தியிருப்பேன்."

கடைசியில் அந்த அதட்டல்காரரே சொன்னார்: "சாமை வித்து முடியற வரைக்கும் தெறந்து வைப்பா. அப்பறம் மூடிக்கலாம்."

கோவிந்தராசு அமுக்கினார். அவள் கையில் இருந்த போன் அங்கேயே கூவ ஆரம்பித்தது, வரிசையாக. திருப்பூரில் இருந்து ஒருவர், எங்கேம்மா போயிட்ட என்று கேட்டிருந்தார். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொண்டு வந்த சாமையைக் கோவிந்தராசு மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வியாபாரி வண்டி அந்தச் சந்தையில் இருந்து வெறுமனே திரும்பிப் போனது.

6. அறிக்கை

அந்த மாத அறிக்கையில், என்ன தேவை என்ற இடத்தில் 'பூட்டினவர் வீடு தெரிய வேண்டும்' என்று எழுதினேன். பிரவீன் சார் கூப்பிட்டு, இது எந்த ஃபீச்சர் மேடம் என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அது நல்லதா கெட்டதா மேடம் என்றார். அதைத்தான் சார் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். சண்டை ஆள் சேர்த்தது, அதே சண்டை ஒருத்தியின் பிழைப்பை மூடியது, கடைசியில் ஒரு பெஞ்சு திறந்தது. இதில் எதை எடுத்து அடுத்த ஊரில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அமைப்புக்கும் தெரியவில்லை போல, கொஞ்ச நாளில் வேறு ஜில்லாவுக்குப் போய்விட்டார்கள். இரண்டு சர்வரும் இருக்கின்றன.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒருவரை ஓரிடத்தில் சேர்க்கும்போது, அதில் என்னென்ன வசதி என்று சொல்வதற்கு முன்னால், கதவு மூடிக்கொண்டால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். சொல்ல முடியாவிட்டால் சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள்.

மடைத் தகராறு இன்னும் தீரவில்லை. கோவிந்தராசு வாக்குத் தவறாதவர், சாமை தீர்ந்த சமயம் பார்த்து அஞ்சலைக்குப் போன் செய்திருக்கிறார்.

"மூடட்டுமாம்மா?"

"கொஞ்சம் தேன் கெடக்குதுங்க."

மறுபடி கேட்டபோது கடுக்காய் இருந்ததாம். இப்போது அடுத்த சாமை விதைத்துவிட்டார்கள்.