ரேஷன் கார்டின் முதல் வரி

1. எல்லோருக்கும் நான் 'சாரே'

உலகச் சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, 1947இல், நாகர்கோவில் சப்ளை ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். சண்டையின்போது பர்மா அரிசி நின்றுபோனதால் திறந்த ஆபீஸ் அது. சண்டை ஓய்ந்தும் அரிசி வரவில்லை, ரேஷனும் போகவில்லை. கார்டு எழுத ஆள் போதாமல் ஸ்கூல் பைனல் பாஸான பெண்களையும் எடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் பக்கத்துப் பெண் படித்தால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ்.

முதல் நாள் கவுண்டருக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் "சாரு இல்லியா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். சற்று நின்று யோசித்தார். பிறகு "செரி சாரே" என்று கார்டை நீட்டினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் சாரேதான்.

2. சிவப்பு மை

சேர்ந்த சில மாதங்களில் ஒரு சர்க்குலர் வந்தது. வீட்டில் இல்லாதவர்களின் பெயர்களைக் கார்டிலிருந்து நீக்க வேண்டும். எனக்கு இராஜாக்கமங்கலம் பகுதி.

அங்கே பொன்னம்மை என்பவரின் கார்டில் குடும்பத் தலைவராக செல்லப்பன் என்று இருந்தது. அவருடைய கணவர். பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனவர். அந்த ஊரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு கடிதமே இல்லை. 'காணவில்லை' என்று பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் மட்டும் வந்திருந்தது. பொன்னம்மைக்கும் மாமியாருக்கும் மகளுக்குமாக மூன்று பேருக்குத்தான் அரிசி. செல்லப்பன் பெயருக்கு ஒரு மணியும் வாங்கியதில்லை.

"பேரை வெட்டணும்" என்றேன்.

அவர் கார்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வெட்டப்பிடாது சாரே. அவியளுக்கு அரிசி நான் கேக்கல்லியே. பேரு மட்டும் அங்கின கிடக்கட்டு."

"ஆளு இல்லைன்னா பேரும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"இல்லேன்னு யாரு சொன்னா? காணல்லேன்னுதானே எழுதியிருக்கு."

கார்டை வாங்காமலே திரும்பிவந்து சூப்பிரண்டிடம் கேட்டேன். மாதேவன் பிள்ளை என்று பெயர். கெட்டவர் அல்ல, காகிதத்துக்குப் பயந்தவர். "இஞ்ச பாரு மக்கா, இருக்காரா, இல்லியான்னு தீர்மானிக்கது நம்ம வேலை இல்லை. வீட்டில இல்லை. வெட்டு" என்றார்.

மறுநாள் போய் வெட்டினேன். சிவப்பு மையில் ஒரு கோடு. முதல் வரியில் தலைவர் என்ற இடத்தில் பொன்னம்மை என்று எழுதினேன். அவர் சத்தமில்லாமல் அழுதார். கடைசியில் விரலை வைத்து, "இது எனக்க பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை உடனே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு வேலை தந்த சண்டைதான் அவர் வீட்டு ஆளையும் கொண்டுபோயிருந்தது. இதில் நான் சந்தோஷப்படலாமா கூடாதா?

3. எந்தப் பட்டாளம்?

அடுத்த வருடம் ஒரு பகல். மலேயாச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் கவுண்டருக்கு வந்தார். பின்னால் பொன்னம்மை.

"எனக்க பேரை வெட்டினது நீங்கதானா சாரே?"

செல்லப்பன் உயிரோடு நின்றார். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

பெயரைத் திரும்பச் சேர்க்கப் பட்டாளத்தின் டிஸ்சார்ஜ் பேப்பர் வேண்டும் என்றார் சூப்பிரண்டு. அது இல்லை. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் போய்ச் சிறைப்பட்டு, வெள்ளைக்காரனை எதிர்த்து அங்கே திரண்ட படையில் சேர்ந்து, அதுவும் தோற்றபோது கூட்டத்தோடு கூட்டமாக நழுவி, இத்தனை நாள் அங்கேயே லாரி ஓட்டியவர் அவர்.

பியூன் "மாலை போடணும் இவியளுக்கு" என்றான். "சும்மா இரி. சர்க்கார் இவரை என்ன கணக்கில வச்சிருக்குன்னே தெரியல்ல" என்றார் சூப்பிரண்டு. பிறகு அவரிடமே கேட்டார்: "நீரு எந்தப் பட்டாளம் ஓய்?"

"ரெண்டிலயும் சல்யூட் அடிச்சேன். இப்பம் ஊருக்கு வந்தா கொடியும் மாறிக் கிடக்கு. எனக்கே தெரியல்ல சார்."

கடைசியில் ஊரின் வரிக்கணக்குப் பார்க்கிற பார்வத்தியார் ஒரு சர்டிபிகேட் கொடுத்தார், இன்னார் உயிரோடு ஊரில் இருக்கிறார் என்று. அதை வைத்துப் பெயர் சேர்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் பொன்னம்மை பேசினார்.

"அவிய பேரை நாலாவதா எழுதுங்க சாரே. முதல் வரி அப்படியே இருக்கட்டு."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்றார் செல்லப்பன்.

"கிறுக்கில்ல. நீரு வரணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல. ஆனா பட்டாளத்துக்குக் கயிறு வேணும்னு கேட்டப்பம் ராட்டு சுத்தப் படிச்சவ நானாக்கும். இப்பம் எனக்க கயித்துக் களத்தில பன்னிரண்டு பொம்பளைய எனக்க பேச்சைக் கேட்டு வேலை செய்யாளுவ. வீட்டை நான்தானே நடத்துகேன்?"

"ஆம்பளை இருக்கும்போது பொம்பளை பேரு மேல வரப்பிடாது. எழுது மக்கா" என்றார் சூப்பிரண்டு.

அப்படி ஒரு சர்க்குலரை நான் படித்ததில்லை. காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுக்கத் தற்காலிக ஆட்களை நிறுத்தப்போவதாக அப்போது ஆபீஸில் பேச்சு இருந்தது. நான் தற்காலிகம். கேட்கவில்லை. செல்லப்பன் என்று மேலே எழுதினேன். பொன்னம்மை இந்தத் தடவை அழவில்லை. கார்டைத் தொடவும் இல்லை. கணவர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

4. புதுக் கார்டு

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த பிறகு பழைய கார்டுகளை மாற்றிப் புதியது எழுத உத்தரவு வந்தது. என் வேலை தப்பியிருந்தது. மறுபடியும் இராஜாக்கமங்கலம்.

செல்லப்பன் பஸ் கம்பெனி கம்பெனியாக டிரைவர் வேலை கேட்டுப் போனதையும், காகிதம் இல்லை என்று எல்லோரும் திருப்பி அனுப்பியதையும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் போனபோது அவர் மனைவியின் களத்தில் கயிற்றுக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பொன்னம்மை ராட்டின் பக்கம் நின்றார்.

செல்லப்பன் பெயரையே எழுதப் பேனாவைத் திறந்தேன். பழக்கம். பிறகு ஏனோ நிறுத்தி, "தலைவர் பேரு?" என்று கேட்டேன்.

அவர் கட்டைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். பொன்னம்மை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"பொன்னம்மைன்னு எழுதுங்க சாரே" என்றார் செல்லப்பன். "எனக்கு எங்கினயாவது ஒரு வரி இருந்தாப் போரும்."

எழுதினேன். மனம் நிறைந்து சொன்னாரா, தோற்றுப்போய்ச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. பொன்னம்மைக்குச் சந்தோஷமா என்றும் தெரியவில்லை. அவர் ராட்டுச் சுற்றுகிற பெண்ணிடம் "இழை அறுது, பாருட்டி" என்று மட்டும் சொன்னார்.

ரிட்டயர் ஆகும்வரை ஆயிரக்கணக்கான கார்டு எழுதினேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. முதல் வரியை நீங்களாக எழுதாதீர்கள். கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரை பேனாவை எடுக்காமல் நில்லுங்கள்.