சோலாருக்கு வைத்த திருஷ்டி பொம்மை

என் தம்பிக்கு மூச்சிரைக்க ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் முதலில் டிவியை நிறுத்துவார்கள். அவன் நெஞ்சிலிருந்து வருகிற சத்தத்தை அம்மா கேட்க வேண்டும். சன்னமாக விசில் மாதிரி வந்தால் சிரப்போடு சரி. அதுவே கரகரவென்று தடித்து, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்க ஆரம்பித்தால் மெஷின்தான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மெஷின். மருந்தை ஊற்றி, முகமூடியைத் தம்பியின் மூக்கில் பொருத்தி, சுவிட்சைப் போட்டால் டர்ரென்று இரைந்துகொண்டே மருந்தைப் புகையாக்கித் தரும். புகை உள்ளே போகப் போகத் தம்பி தெளிந்துவிடுவான். கரண்டு இல்லையென்றால் அது வெறும் டப்பா.

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். டிரான்ஸ்ஃபார்மர் மேல் காக்காய் உட்கார்ந்தாலே இங்கே கரண்டு போய்விடும் என்பார் அப்பா. பாதி கேலி, பாதி நிஜம். ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் அப்படித்தான் கரண்டு போய், தம்பியை நடுவில் உட்காரவைத்து, அவன்மேல் தார்ப்பாயைப் போர்த்தி, அப்பாவும் அம்மாவும் வண்டியில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வந்த அம்மா தலையைக்கூடத் துவட்டவில்லை. இனிமேல் நமக்கென்று சொந்தமாகக் கரண்டு இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குச் சோலார் வாங்குவது என்று முடிவானது அப்படித்தான்.

கடைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அப்பாவின் மனசில் பெரிய சோலார் ஒன்று இருந்தது. தெருவே இருட்டில் கிடக்கும்போது எங்கள் வீடு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. "வூட்ல இன்னா இன்னா ஓட்டப் போறீங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டாரோ இல்லையோ, டிவி, ஃபேன், மிக்ஸி என்று அப்பா விரல் மடக்க ஆரம்பித்தார். அம்மா அவர் மடக்கி முடிக்கும்வரை சும்மா இருந்தாள். அப்புறம் வயர் கூடையிலிருந்து மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது ஓடணும். எத்தினி நாள் கரண்டு இல்லாட்டியும் ஓடணும். வேற எது ஓடலன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல."

கடைக்காரர் அதைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். பார்க்கத்தான் சின்னது, ரெண்டு ஃபேன் இழுக்கிற கரண்டை இது ஒன்றே இழுக்கும் என்றார். அதற்கப்புறம் பேச்சு முழுக்க அந்த மெஷினைச் சுற்றித்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடும், ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், வெயிலே வராவிட்டால் பேட்டரி எத்தனை நாள் தாங்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார். அப்பாவிடம் அல்ல, அம்மாவிடம். கடைசியில் ஒரு பேனல், ஒரு பேட்டரி, சின்னதாக ஒரு இன்வெர்ட்டர், சுவரில் மாட்டுகிற சார்ஜ் பெட்டி என்று முடிந்தது. அப்பாவின் ஆறுதலுக்கு ஒரு பல்பும், போன் சார்ஜ் போட ஒரு பாயின்ட்டும் கிடைத்தன.

கடைக்காரரே வந்து மொட்டை மாடியில் மாட்டிக் கொடுத்தார். பேனல்மேல் தூசி படியக் கூடாது, நிழல் விழவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா அன்றைக்கே பக்கத்து முருங்கையின் கிளையை வெட்டச் சொன்னாள். சார்ஜ் பெட்டியில் தெரிகிற எண்ணை அவர் எனக்குத்தான் காட்டினார். அது பேனலிலிருந்து உள்ளே வருகிற கரண்டாம். உச்சி வெயிலில் அஞ்சு, ஆறு காட்டினால் எல்லாம் சரி. லீவு நாளில் மத்தியானம் அதைப் படித்து வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்வது என் வேலையாகிவிட்டது.

அத்தை பேனலின் சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அவள் அப்பாவின் அக்கா, மாமா காலமான பிறகு எங்களோடு இருந்தாள். அவளுக்கு எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் முதல் கவலை அடுத்தவர் கண்தான். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். முழுகாமல் இருந்தாள். புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறவர், போனால் லேசில் திரும்ப மாட்டார். அண்ணாந்து பார்த்து, "சோக்கா கீதுக்கா. எங்க வூட்டுக்கும் இப்பிடி ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள்.

மனசில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். அத்தைக்கு அது போதாதா! அன்று சாயங்காலமே அப்பாவின் பழைய சட்டையிலும் பேன்ட்டிலும் வைக்கோலைத் திணித்தாள். மண்சட்டியில் முட்டைக்கண்ணும் மீசையும் தொங்குகிற நாக்கும் வரைந்து தலையாக வைத்தாள். மேல் தளம் கட்டுவதற்காக மாடியில் நீட்டி விட்டிருந்த கம்பியில் ஒரு மூங்கிலைச் சேர்த்து அதைக் கட்டினாள். பேனலுக்குப் பின்னால் நின்று அது எதிர்வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள், தனக்காக வைத்தது என்று தெரியாமல்.

அந்த வருஷம் புயல் வந்தது. அப்பா காஞ்சிபுரத்தில் வேலைக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார், ஆற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டு ஓடியதால் பஸ் இல்லை. ஒரு பகல் பூராவும் காற்று பேயாக ஆடியது. ஓய்ந்த பிறகு பார்த்தால் தெருவில் பாதி வீட்டுக் கூரை ஷீட்டுகள் வயலில் கிடந்தன. கரண்ட் கம்பங்கள் வரிசையாகப் படுத்திருந்தன, ரோட்டில் புளியமரம் குறுக்கே விழுந்திருந்தது. எங்கள் பேனலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பொம்மை மட்டும் மூங்கில் முறிந்து முன்னால் சாய்ந்து, பேனலைக் குனிந்து பார்க்கிற மாதிரி நின்றது.

அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "பாத்தியா? அத்தினி காத்தையும் அதுதான் வாங்கிக்கினு நம்ம பேனலக் காப்பாத்தி வச்சிருக்குது." அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. காப்பாற்றிய பொம்மையை நிமிர்த்தி வைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

அன்றே தெருவில் எல்லாரும் போனோடு வந்துவிட்டார்கள். டவர் விட்டு விட்டுத்தான் கிடைத்தது, ஆனாலும் போனில் உயிர் இருந்தால்தானே! ஒரு பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செருகி, அதில் கொத்தாகப் போன்கள் தொங்கின. வந்தவர்கள் தம்பியின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள், அம்மாவின் புத்திசாலித்தனத்தைப் பாராட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கூட்டம் குறையட்டும் என்று கடைசியாக வந்தாள். அவள் போனுக்குக் கொஞ்சம்தான் ஏறியது, அதற்குள் பேட்டரி குறைகிறது என்கிற மஞ்சள் விளக்கு வந்துவிட்டது.

மறுநாள் வானம் வெளுத்து, சுள்ளென்று வெயில் அடித்தது. நான் ஓடிப்போய் எண்ணைப் பார்த்தேன். ஒன்று. மத்தியானம் பார்த்தேன், அப்போதும் ஒன்றுதான். அம்மா மாடிக்குப் போய்ப் பேனலைத் துடைத்துவிட்டு வந்தாள். ஒன்று. சாயங்காலம் தம்பிக்கு மெஷின் வைத்ததும் விளக்கு சிவப்பாகிவிட்டது.

"தெருவே வந்து உறிஞ்சினா எப்பிடி ஏறும்?" என்றாள் அத்தை. அம்மாவுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தாள். அடுத்த நாள் காலையில் வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, இல்லை என்று சொல்லி அனுப்பினாள். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே கிடையாது. அதனால் சொல்லும்போது குரல் தேவைக்குமேல் கடுமையாக வந்தது.

எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகத் தெருவைத் தாண்டி வந்தாள். "ஒரே ஒரு தபா அவருகிட்ட பேசிட்டன்னா போதும்க்கா. வலி வர்ற மாதிரியே கீது, பயமா கீது."

"எங்க புள்ளைக்கே இல்ல. நான் எங்க போவேன்?" என்று அம்மா கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். அத்தை மட்டும் மாடிப் பக்கம் பார்த்து, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இன்னும் கேட்க வேறு வந்துவிட்டாள் என்று முணுமுணுத்தாள்.

மத்தியானம் தம்பிக்குக் கரகரவென்று ஆரம்பித்தது. புயலில் சுவரெல்லாம் ஈரம், வீடு முழுக்கப் பூஞ்சை வாடை. அம்மா முகமூடியை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். மெஷின் இரைந்தது. புகை வந்தது. ரெண்டு மூச்சு இழுத்திருப்பான், இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப் போனது. மெஷினும் நின்றது. தம்பி முகமூடிக்குள்ளிருந்து அம்மாவையே பார்த்தான். அழுவதற்குக்கூட அவனிடம் மூச்சு இல்லை.

அம்மா ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். டவர் இல்லை. கிடைத்தாலும் புளியமரத்தைத் தாண்டி ஆம்புலன்ஸ் எப்படி வரும்? தம்பியை அத்தையின் தோளில் போட்டு, "நிமுத்தியே வச்சிக்கினு இருங்கண்ணி" என்று சொல்லிவிட்டு, பேனலைத் துடைக்க ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். என்னைச் சார்ஜ் பெட்டிக்குக் கீழே நிறுத்தி, எண்ணைப் பார்த்துக் கத்தச் சொன்னாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப?"

"ஒண்ணு!"

துடைக்கிற சத்தம் கேட்டது. "இப்ப?"

"ஒண்ணுதாம்மா!" எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் தம்பி இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் என் முதுகில் கேட்டது. அப்போது எண் சட்டென்று மாறியது. "ஆறு! அம்மா, ஆறு!"

"இன்னாது?" என்று அம்மா படிக்கட்டுப் பக்கம் வந்தாள். எண் மறுபடி இறங்கியது. நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பாளோ என்று பயந்து, இல்லைம்மா, இப்போது ஒண்ணு, ஆனால் ஆறு வந்தது, சத்தியமாக வந்தது என்று ஏதேதோ உளறினேன். அம்மா திரும்பப் போனாள். ஆறு. கொஞ்ச நேரத்தில் ஒண்ணு. மறுபடி ஆறு. நான் ஆறு, ஒண்ணு, ஆறு என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் மாடியில் சத்தமே இல்லை.

தம்பியைத் தோளில் போட்டபடி அத்தை படியேறினாள், நானும் பின்னால் போனேன். அம்மா பொம்மையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். பேனலின் மூலையைத் துடைப்பதற்காகத்தான் அதை நகர்த்தியிருக்கிறாள். விட்டால் அதன் தலை நிழல் மூலையில் விழுந்தது, ஒரு முறம் அளவுகூட இருக்காது. மீதிப் பேனல் முழுக்க வெயில் பளீரென்று அடித்தது. ஒரு மூலையில் விழுகிற நிழல் மொத்தப் பேனலையும் முடக்கிவிடும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நிழல் என்றால் மரத்து நிழல் என்றுதான் நினைத்திருந்தோம்.

அம்மா பொம்மையைப் பிடித்த பிடியை விடவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. அத்தையைப் பார்த்தாள். "அண்ணி" என்றாள், அவ்வளவுதான். அத்தையின் காதுக்குப் பக்கத்தில்தான் தம்பியின் நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பல்லால் கயிற்றைக் கடித்து அவிழ்த்தாள். மூங்கிலோடு பொம்மையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். சட்டி உடைந்து, நாக்கு ஒரு பக்கம், கண் ஒரு பக்கம் போய் விழுந்தது.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. காலிப் பேட்டரி கொஞ்சமாவது நிறைய வேண்டுமே. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்தாள், நான் எண்ணைப் படித்தேன், அத்தை சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் மாதிரி நீண்ட நேரத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. சிவப்பு விளக்கு மஞ்சளானதும் அம்மா சுவிட்சைப் போட்டாள். மெஷின் இரைந்தது. நிற்கவில்லை. மருந்து தீரும்வரை இரைந்தது. தம்பியின் விலாவில் குழி மெல்ல மறைந்தது. அவன் முகமூடியைக் கழற்றி, பிஸ்கட் வேண்டும் என்று கேட்டான்.

பொழுது சாய்வதற்குள் அம்மா முகம் கழுவி, பரணிலிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அந்த அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். முதலில் தம்பியைத்தான் விசாரித்தாள், இழுக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்ததாம். அம்மா கையை நீட்டி, "போனக் குடும்மா, நான் போட்டு எடுத்தாறேன்" என்றாள்.

"வாணாம்க்கா. சார்ஜ் கீது. புள்ளைக்கு வச்சிக்கங்க."

போன் அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். தள்ளும்போது நான் பார்த்தேன், என்னமோ பட்டனை அவள் விரல் அழுத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அம்மாவும் பார்த்தாள். நீட்டிய கையை அவள் மடக்க வெகு நேரம் ஆயிற்று.

ஒரு தடவை பேச அந்தப் போனுக்கு வேண்டிய கரண்டு மெஷின் அஞ்சு நிமிஷம் ஓடுகிற அளவுகூட இல்லை என்று இன்றைக்கு எனக்குக் கணக்குத் தெரியும். அன்று தெரியாது. திரும்பி வரும்போது அம்மா நடுத்தெருவில், உடைந்த சட்டிக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிக்குத்தான் சரியாகிவிட்டதே, எண்ணும் ஆறு காட்டுகிறதே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல வேளை, ஒரு போன் குறைந்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.