ஒரே நம்பரில் இரண்டு பேர்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைதான் படித்தேன். மறதியும் வந்துவிட்டது.

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே பேர், எங்கள் குப்பத்து அம்மன் பேர். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டோம், அவர்கள் பேரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இனிஷியலும் ஒன்றாகப் போனது. இரண்டு பேருக்கும் பிரஷர். எனக்குச் சின்ன வெள்ளை மாத்திரை. அவளுக்கு அதிகம் என்று பெரியது, ரோஸ் நிறம். மாதம் ஒருமுறை சீட்டோடு சுகாதார நிலையம் போவோம். அவள் சீட்டு மீன் தண்ணீர் பட்டு ஊறியிருக்கும். மருந்து கொடுக்கிற பெண் மோந்து பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடும்.

பிறகு சீட்டு வேண்டாம், டாக்டரம்மா கம்ப்யூட்டரில் எழுதுவார், போன் நம்பர் சொன்னால் போதும் என்றார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே போன். இரண்டு பேரும் அதையே கொடுத்தோம்.

முதல் தடவை நான் மட்டும் போனேன். அவள் மீன் விற்கத் திருக்கழுக்குன்றம் போயிருந்தாள். மருந்து கொடுக்கும் இடத்தில் புதுப்பெண். நம்பர் கேட்டது, பேர் கேட்டது, கொடுத்தது. பார்த்தால் ரோஸ் மாத்திரை. கேட்க வாய் வரை வந்தது. பின்னால் வரிசை நின்றது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் போய் வாங்கிவந்து காட்டினாள்.

"இன்னாக்கா, எனக்கு வெள்ளையா குட்த்துக்கீறாங்க?"

"கம்ப்யூட்டர்ல அப்டி கீதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்ப நான் கொமரி ஆயிட்டேன்னு சொல்லு" என்று சிரித்தாள்.

அந்த மாதம் எனக்குத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது. வயசு என்று விட்டுவிட்டேன். இருபது நாள் இருக்கும். ரோட்டோரம் மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கத்தி விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மாத்திரை ஒழுங்காகப் போட்டாங்களா என்று டாக்டர் கேட்டார். ஒருநாள் விடாமல் போட்டது என்றான் அவள் மகன். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது அவளுக்கு வலது கை வராது, பேச்சும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன். வழிவதைத் துடைக்கிறேன். அழுகை வரவில்லை. பசியும் தெரியவில்லை. பாத்திரம் கழுவி வைக்கிறேன், மறுபடி வேளை வருகிறது.

மீந்துபோன இரண்டு மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதிலிருக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. நாளும் நிறமும் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். படித்தவர் யாராவது அந்த அட்டைகளையும் கம்ப்யூட்டரையும் பார்த்து, அந்த மாதம் யாருடையது யாருக்குப் போனது என்று சொல்லுங்கள். மாறித்தான் போயிருந்தால் எனக்கு ஆறுதல் வேண்டாம். அவள் மகனிடம் நான் போய்ச் சொல்லணும்.