நாளைக்கு நான் அபிஸ்

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை 6.50க்குப் பண்டமாரானில் பஸ் ஏறினேன். 8.25க்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மாடியில் இருந்த அலுவலகத்துக்குள் நுழைந்தேன். மோடம் மூன்றாவது முயற்சியில் இணைந்தது. மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சோறு. நான் அன்றாடம் எழுதிவைத்த குறிப்பேட்டில் இதுவரை எழுத்து நேராக இருக்கிறது. மாலை 4.10க்குப் பிறகு வரும் பகுதியில் மட்டும் நான்கு இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். அடித்து எழுதுவது என் வழக்கமே இல்லை.

மலேசியத் தமிழர்கள் கூடிப் பேச ஓர் இணைய அரட்டைப் பக்கத்தை எங்கள் முதலாளி நடத்தினார். வருகிற வரிகளையெல்லாம் படித்து, வசவுகளையும், பெண் பெயரைக் கண்டதும் 'வீடு எங்கே' என்று கேட்பவர்களையும் நீக்குவது எனக்கும் அக்காவுக்கும் வேலை. அந்த வேலைக்கு அப்போது ஒரு பெயர்கூட இல்லை. நான் அக்கா என்று அழைத்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ரயில்வே குடும்பத்துக் கத்தோலிக்கர், முன்பு தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். "அங்க ஒட்டுக்கேட்டா வேலை போயிடும், இங்க ஒட்டுக்கேட்கத்தான் சம்பளம்," என்று சிரிப்பார். ஒவ்வொரு வரியையும் திட்டிக்கொண்டேதான் நீக்குவார்: "போடா, உங்க அம்மாகிட்ட போய் இப்படிப் பேசு." உறுப்பினராகச் சேர்பவர்களிடம் தொலைபேசி எண் கேட்கச் சொல்லியிருந்தார் முதலாளி. எதற்கென்று சொல்லவில்லை. படிவத்தில் அதன் கீழே அக்காதான் ஒரு வரி சேர்த்தார்: உங்கள் எண்ணை யாருக்கும் தரமாட்டோம், நாங்களும் பயன்படுத்த மாட்டோம்.

மல்லிகை என்ற பெயரில் ஒருவர் தினமும் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்குள் போய்விடுவார். கிள்ளானில் இருக்கும் கல்லூரி மாணவி என்று சொல்லியிருந்தார். பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் சண்டை போட்டால் நடுவில் புகுந்து சிரிக்க வைப்பார். தான் அரட்டைக்கு வருவது தெரிந்தால் அப்பா படிப்பை நிறுத்திவிடுவார் என்று ஒருமுறை எழுதினார். அந்த வாரம் தூக்கமே வரவில்லை என்று இரண்டு தடவை எழுதியிருந்தார். அன்று 4.10க்கு அவர் எழுதிய வரி: நாளைக்கு நான் அபிஸ், எல்லாருக்கும் பாய்.

எங்கள் பக்கத்தில் தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அவரவர் எழுதுவதே எழுத்துக்கூட்டல். ஏ, பி, ஐ, எஸ் என்ற நான்கு எழுத்தை நான் 'ஆபீஸ்' என்று படித்தேன்.

"அக்கா, மல்லிகைக்கு நாளைக்கு வேலையாம்," என்றேன்.

"எந்த வேலை? அது காலேஜ் பொண்ணாச்சே." அக்கா எழுந்து வந்து என் திரையைப் பார்த்தார். "ஏய், இது ஆபீஸ் இல்ல லா. அபிஸ்."

மலாயில் தீர்ந்துபோவது 'ஹாபிஸ்'. நம் வாயில் முதல் எழுத்து கழன்றுவிடும். சோறு அபிஸ், பெட்ரோல் அபிஸ், பரீட்சையில் நான் அபிஸ் என்று நாள் முழுவதும் சொல்கிறோம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறோம்.

"பரீட்சையா இருக்கும்கா."

"இருக்கும். இல்லேன்னா?"

உங்களுக்கு என்ன ஆயிற்று என்று அக்கா திரையிலேயே கேட்டார். பதில் இல்லை. 4.31க்கு மல்லிகையின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. உறுப்பினர் படிவத்தில் கிள்ளான் எண் ஒன்று இருந்தது. கூப்பிட்டால் அப்பா எடுப்பார், அந்தப் பெண்ணின் படிப்பு போகும். கூப்பிடாவிட்டால் என்ன போகும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பயன்படுத்த மாட்டோம்னு நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினேன்தான். அப்ப யாரும் அபிஸ் ஆகல."

5.05க்கு அக்கா அந்த எண்ணை அழுத்தினார். நான் ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் குரல். டியூஷன் சென்டரிலிருந்து பேசுவதாகவும், மகளிடம் பேச வேண்டும் என்றும் அக்கா தன் பழைய இணைப்பகக் குரலில் சொன்னார்.

"மகளா? இங்க பொண்ணு யாரும் இல்லம்மா. நான் மட்டும்தான்."

அக்கா வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்பது குறிப்பேட்டில் இல்லை. யாரோ ஒரு பெண் பொய்யான எண்ணைக் கொடுத்திருக்கலாம். அல்லது நாங்கள் ஆறு மாதமாகக் காவல் காத்த கல்லூரி மாணவி இந்த மனிதர்தானா? அப்படியானால், படிப்பை நிறுத்தப்போகும் அப்பா யார்?

அக்கா கையை எடுத்து, நான் தவறாகப் படித்த சொல்லையே கேள்வியாக்கினார். "சரி அங்கிள். நீங்க நாளைக்கு ஆபீஸ் போறீங்களா?"

"யாரு நீங்க?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை.

"தெரிஞ்சவங்கதான் அங்கிள். போங்க. நாளைக்குக் கண்டிப்பா போங்க."

அவர் வைத்துவிட்டார். அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். படிகளில் இறங்கும்போது என்னிடம் கேட்டார்: "மல்லிகைன்னு கூப்பிட்டிருக்கணுமோ?"

என் அண்ணன் மகள் இப்போது சுபாங் ஜெயாவில் இதே வேலை பார்க்கிறாள். 'நம்பிக்கை மற்றும் பாதுகாப்பு' என்று அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. ஆபத்தான வரிகளை இயந்திரம் முதலில் பொறுக்குகிறது, எழுதியவர் திரையில் உதவி எண் தானாகத் தோன்றுகிறது. ஒருவரின் விவரத்தைத் திறக்க மேலே இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். "எங்க மெஷினுக்கும் அபிஸ் புரியாது அத்தை," என்று சிரித்தாள். "ஆனா எங்களுக்கு 'தெரியல'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அடுத்த ஆளுக்குப் போயிடும்." அந்த அடுத்த ஆளுக்கும் தெரியாவிட்டால் என்ன என்று கேட்டேன். அவருக்கும் அதே பட்டன் இருக்கிறதாம். இது நல்லதா கெட்டதா என்று என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. மல்லிகை என்ற பெயர் அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் வரவில்லை. அது எதற்கும் சான்றில்லை. அகப்பட்டுக்கொண்டதாக நினைத்து வேறு பெயரில் வந்திருக்கலாம், நாங்கள் பேசியதாலேயே வராமலும் போயிருக்கலாம். வாக்கைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா, இன்னும் அதிகமாக மீறியிருக்க வேண்டுமா? அக்காவும் நானும் அதைப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த அழைப்புக்கு மறுநாள், புதன்கிழமை, நான் அலுவலகம் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்த எண்ணை அழுத்தினார். நான் எண்ணினேன். மணி பதினான்கு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

"ஆபீஸ் போயிருப்பாரு," என்றார் அக்கா. ரிசீவரை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, அதே எண்ணை அழுத்தினார்.